12 மி.மீ. பாதையில் ஒரு ஒய்பி: எதை வெட்டுவது, எதை விடுவது?

#1 தொடரிப்பித்தன்

வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன், இப்போதுதான் வாய் திறக்கிறேன்.

என் லேஅவுட் (மேசை மேல் மாடல் ரயில்) 1:87, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு; பாதை 12 மி.மீ., காலம் 1971. விழுப்புரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில், கார்டு லைனில் (திருச்சிக்குப் போகும் குறுக்குவழிப் பாதை), வரைபடத்தில் இல்லாத ஒரு சின்ன ஸ்டேஷன். ஒற்றைப் பாதை, ஒரு லூப், ஒரு கூட்ஸ் சைடிங், ஒரு தண்ணீர்த் தூண். கைகாட்டி சிக்னல், புளியமரம், பிளாட்பார பெஞ்ச் எல்லாம் ஆகிவிட்டது. வந்து நிற்க எஞ்சின்தான் இல்லை.

1971ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னைப் பக்கத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் 1960களிலேயே மின்சாரம் வந்துவிட்டது. அங்கே மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கரி எஞ்சினை மாட்டுவார்கள். என் ஸ்டேஷன் அதற்குத் தெற்கே. ஆக ஒரு பாசஞ்சர் வண்டிக்காவது ஒய்பி என்ற மீட்டர் கேஜ் கரி எஞ்சின் இருந்தே ஆகவேண்டும். 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் கட்டப்பட்ட வகுப்பு. அதில் ஒன்றை என் மேசைக்கு வரவைக்க மூன்று வருடமாகப் பாடுபடுகிறேன்.

போன மாதம் ஜப்பான் சி57 எஞ்சின் மாடல் ஒன்று பழையதாகக் கிடைத்தது. 1:87, 12 மி.மீ., முழுப் பித்தளை. சி57ம் 4-6-2 (முன்னால் 4 சக்கரம், நடுவில் 6 ஓட்டுசக்கரம், பின்னால் 2), ஒய்பியும் 4-6-2. கேபை (டிரைவர் அறை) வெட்டி, டெண்டரை (கரி, தண்ணீர் வண்டி) மாற்றி, டோமை (பாய்லர் மேல் குமிழ்) இடம் மாற்றினால் ஒய்பி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

#2 பித்தளைப்பட்டறை

ரம்பத்தைக் கீழே வையுங்கள்.

சி57 பயணிகள் விரைவு எஞ்சின். அதன் ஓட்டுசக்கரம் 1750 மி.மீ. ஒய்பிக்கு 4 அடி 6 அங்குலம், அதாவது 1372 மி.மீ. 87ஆல் வகுத்தால் முதலாவது 20.1, இரண்டாவது 15.8. நாலு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அது சக்கரத்தோடு நின்றுவிடாது. சக்கரம் பெரிதானால் அச்சுகளுக்கு நடுவே இடைவெளி கூடும், ரன்னிங் போர்டு உயரும், பாய்லர் மேலே போகும், சிமினி குட்டையாகும். மேலே எத்தனை டோமை இடம் மாற்றினாலும் சி57 கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். ஒய்பியின் நிற்கும் தோரணை வேறு.

சக்கர அமைப்பு எண் ஒன்றாக இருந்தால் எஞ்சினும் ஒன்று என்று நினைப்பது நம் எல்லோருக்கும் முதல் முறை வரும் சறுக்கல். எனக்கும் வந்தது. வெட்டிய பிறகு வந்தது.

என் யோசனை: சி57ஐ அப்படியே விற்றுவிட்டு சி56 ஒன்று தேடுங்கள். 2-6-0தான், ஆனால் ஓட்டுசக்கரம் 1400 மி.மீ., மூன்று அச்சு, ஆரக்கால் வைத்த சக்கரம். 1:87இல் 16.1. ஒய்பியோடு ஒப்பிட்டால் 0.3 மி.மீ.தான் கூட. டி51க்கும் அதே 1400 மி.மீ.தான், ஆனால் அதில் ஆரக்கால் கிடையாது, ஓட்டை போட்ட தட்டுச் சக்கரம். பார்த்த மாத்திரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

#3 முப்பரிமாணன்

பட்டறை அண்ணே சொன்னது சரி, ஆனா இவ்ளோ கஷ்டம் எதுக்கு? ஓடுற ஏதாவது ஒரு 12 மி.மீ. அடிப்பகுதியை எடு, மேல உடம்பை ரெசின்ல பிரிண்ட் போடு, மூடு, முடிஞ்சது. மூணடி தள்ளி நின்னு பார்க்கிறவன் கண்ணுக்கு சக்கரம் 16ஆ 20ஆன்னு தெரியவா போகுது?

என் ஒய்ஜி (மீட்டர் கேஜ் கூட்ஸ் எஞ்சின்) அப்படித்தான் பண்ணேன். பாய்லர், கேப், டெண்டர் மூணும் தனித்தனி பிரிண்ட். 0.05 மி.மீ. அடுக்கு. கோடு தெரியக்கூடாதுன்னா பாய்லரைப் படுக்கவைக்காதே, சாய்ச்சு வை. கைப்பிடிக் கம்பி, குழாய் இதெல்லாம் மட்டும் பிரிண்ட் போடாதே, ஒடிஞ்சு போகும், 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி.

#4 பித்தளைப்பட்டறை

மூன்றடி கணக்கு மரத்துக்கும் மனித பொம்மைக்கும் பொருந்தும். எஞ்சினை யாரும் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பதில்லை. கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கித்தான் பார்க்கிறார்கள். அந்த உயரத்தில் முதலில் தெரிவது சக்கரம்.

பிரிண்ட் போடுவதற்கு நான் எதிரி இல்லை. உடம்பு ரெசினாக இருக்கட்டும். கால் சரியாக இருக்கட்டும்.

#5 புதுப்பயணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மீட்டர் கேஜ் என்றால் 1000 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 11.5தானே வருகிறது? ஏன் 12? என்னிடம் 1:76 பொருட்கள் கொஞ்சம் இருக்கின்றன, அவற்றை இந்த 12 மி.மீ. பாதையில் போடலாமா?

#6 தொடரிப்பித்தன்

11.49 என்று யாரும் பாதை செய்து விற்பதில்லை. 12 மி.மீ. என்பது 1:87இல் 1044 மி.மீ. ஆகிறது, ஐந்து சதவீதத்துக்கும் குறைவான பிசகு, கண் பொறுத்துக்கொள்ளும். சுவிட்சர்லாந்து மீட்டர் கேஜ் மாடல்களும், ஜப்பானின் 1067 மி.மீ. மாடல்களில் 1:87இல் வருபவையும் இதே 12 மி.மீ.யில்தான் ஓடுகின்றன. எனவே அடிப்பகுதிக்கு இரண்டு நாட்டிலிருந்தும் தேடலாம்.

1:76ஐ இதில் போட்டால் பாதை 912 மி.மீ., ஏறத்தாழ 3 அடி கேஜ் ஆகிவிடும். அயர்லாந்துக்குச் சரி. நமக்கு 13 மி.மீ. வேண்டும், பாதையைக் கையால்தான் போடவேண்டும்.

பட்டறை சார், சி57ஐ வெட்டவில்லை. சி56 தேடுகிறேன். ஆனால் 2-6-0ஐ 4-6-2 ஆக்குவது என்றால் முன்னும் பின்னும் வேலை இருக்குமே?

#7 பித்தளைப்பட்டறை

இருக்கும். முன்னால் ஒற்றை அச்சு போனியை எடுத்துவிட்டு இரண்டு அச்சு போகி. அதற்காக சிலிண்டரைக் கொஞ்சம் முன்னால் தள்ளவேண்டும், அது போகியின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்காரும்படி. சிலிண்டர் நகர்ந்தால் அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் மெயின் ராடு எட்டாது. நிக்கல் சில்வர் தகட்டில் புதிதாக அறுத்துக்கொள்ளுங்கள். வால்வ் கியர் (சிலிண்டருக்கு நீராவி விடும் இணைப்புக் கம்பிகள்) இரண்டிலும் வால்ஷார்ட்ஸ் வகைதான், ஆகவே தொங்கும் உறுப்புகளில் பாதி அப்படியே உதவும். ஃபிரேமைப் பின்னால் நீட்டி டிரெய்லிங் சக்கரம். அது வளைவில் சாம்பல் பெட்டியில் இடிக்கும், எல்லோருக்கும் இடிக்கும். பெட்டியின் உட்புறத்தைச் சுரண்டி விடுங்கள், வெளியிலிருந்து தெரியாது.

ஒரு கொசுறு: சி56க்கும் மீட்டர் கேஜுக்கும் பழைய உறவு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் 90 சி56களைச் சக்கரம் ஒடுக்கி தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் அனுப்பியது. அவற்றில் இரண்டு 1979இல் ஊர் திரும்பின. ஒன்று பிறகு ஜப்பானின் ஓயிகாவா ரயில்வேயில் ஓடியது. நாம் செய்யப்போவது அவ்வளவு பெரிய அக்கிரமம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

#8 ஷெட்காரர்

என் பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். நான் லோகோ ஷெட்ல ஃபிட்டர். ரிட்டயராகி ரொம்ப வருசம் ஆச்சு. பொம்மை எஞ்சின் பத்தி ஒண்ணும் தெரியாது.

தம்பி, ஒய்பி ஒய்பின்னு சொல்றியே, எந்த ஒய்பி? நம்பர் என்ன?

#9 தொடரிப்பித்தன்

ஐயா, வணக்கம். நீங்கள் வந்தது எங்கள் பாக்கியம்.

நம்பர் என்று எதுவும் முடிவு செய்யவில்லை. பொதுவாக ஒரு ஒய்பி.

#10 ஷெட்காரர்

பொதுவா ஒரு ஒய்பின்னு ஒண்ணு கிடையாது. வெள்ளைக்காரன் கட்டினது, ஜெர்மன்காரன் கட்டினது, டாடா கட்டினது மூணும் ஷெட்ல ஒண்ணா நிக்கும். பத்து வருசம் ஓடினப்புறம் எதுல எது இருக்குன்னு கட்டினவனுக்கே தெரியாது. பாய்லர் ஒய்பிக்கும் ஒய்ஜிக்கும் ஒண்ணுதான். ஒர்க் ஷாப்புக்குப் போகும்போது இருக்கிற பாய்லர் வேற, வரும்போது இருக்கிற பாய்லர் வேற. லைட்டு, படிக்கட்டு, டெண்டர்ல கரி விழாம வைக்கிற பலகை, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி.

ஒரு போட்டோ எடு. அதுல இருக்கிற வண்டியைச் செய். இல்லாட்டி எல்லா வண்டியிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து எந்த வண்டியும் இல்லாத ஒண்ணைச் செஞ்சு வெப்பே.

#11 முப்பரிமாணன்

பாய்லர் ஒண்ணுதானா! ஐயா, இது தெரிஞ்சிருந்தா ஆறு மாசம் மிச்சம். என் ஒய்ஜி பாய்லர் ஃபைல் அப்படியே இருக்கு. பித்தன், மெயில் அனுப்பு, தர்றேன். ஒய்ஜி சக்கரம் 4 அடி, ஒய்பி 4 அடி 6 அங்குலம், அதனால பாய்லர் உட்கார்ற உயரம் மட்டும் மாறும். 

அப்புறம், சக்கர விஷயத்துல நான் தோத்துட்டேன்னு வெச்சுக்கலாம். என் ஒய்ஜியை நேத்து தரையில வெச்சுக் குனிஞ்சு பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

#12 தொடரிப்பித்தன்

ஐயா சொன்னபடி ஒரே படம் என்று முடிவு செய்தேன். என்னிடம் இருப்பவற்றிலேயே தெளிவான படத்தை எடுத்தேன். இடது பக்கம் மட்டும் தெரிகிறது. வலது பக்கத்துக்கு அதே காலத்து வேறு படங்களைப் பார்த்துக்கொள்வேன்.

படத்திலிருந்து அளவெடுக்கும் வழி ஒன்று சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். நேர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படமாக இருக்கவேண்டும். ஓட்டுசக்கரத்தின் விட்டம் நமக்குத் தெரியும்: 1372 மி.மீ. படத்தில் அது எத்தனை புள்ளி என்று எண்ணினால் ஒரு புள்ளிக்கு எத்தனை மி.மீ. என்று வந்துவிடும். பிறகு சிமினி, டோம், கேப் ஜன்னல் எல்லாவற்றையும் அளக்கலாம். சக்கரத்துக்கு அருகே இருக்கும் உறுப்புகளுக்குச் சரியாக வரும். படத்தின் ஓரத்துக்குப் போகப் போகக் கொஞ்சம் இழுக்கும். கேப் அகலம் இதில் கிடைக்காது, அதற்கு முன்பக்கப் படம் வேண்டும்.

சி56 கிடைத்துவிட்டது. ஒரு கடையில் "நன்றாக ஓடும் நிலை" என்று போட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் நடு அச்சின் பற்சக்கரம் விரிசல்.

#13 தொடரிப்பித்தன்

இரண்டு வாரமாக எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான்.

பற்சக்கரத்தை மாற்ற நடு அச்சின் ஒரு சக்கரத்தைக் கழற்றினேன். புதியது போட்டேன், சக்கரத்தைத் திரும்ப அழுத்தினேன், கண்ணால் பார்த்து 90 டிகிரி வைத்தேன். சைட் ராடை (சக்கரங்களை இணைக்கும் தண்டு) மாட்டி உருட்டினால், ஒரு சுற்றுக்கு ஒரு முறை நொண்டுகிறது. ராடு ஓட்டையைப் பெரிதாக்கினேன். நொண்டல் குறைந்தது, தடதடப்பு வந்தது. மறுபடி பெரிதாக்கினேன். இப்போது ராடு சங்கிலி மாதிரி ஆடுகிறது.

#14 பித்தளைப்பட்டறை

ஓட்டையைப் பெரிதாக்குவது நோயை மறைக்கும் மருந்து. அந்த ராடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அறுத்துவிடுங்கள்.

இடது கிராங்க்குக்கும் (ராடு மாட்டும் முளை இருக்கும் இடம்) வலது கிராங்க்குக்கும் நடுவே 90 டிகிரி என்பது கூட அவ்வளவு முக்கியமில்லை. 88 இருந்தாலும் ஓடும். மூன்று அச்சிலும் அதே 88 இருக்கவேண்டும், அதுதான் விதி. உங்கள் நடு அச்சு மட்டும் மற்ற இரண்டோடு சண்டை போடுகிறது. கண்ணால் வைப்பது நடக்காத காரியம். அச்சின் இரண்டு முனையும் உட்கார ஒரு வி-பிளாக், கிராங்க் முளை போய்ச் சாய ஒரு செங்குத்துத் தகடு, மறுபக்க முளை படுக்க ஒரு கிடைத் தகடு. மூன்று அச்சையும் அதே கருவியில் வைத்து அழுத்துங்கள். கருவியில் பிழை இருந்தாலும் மூன்றிலும் ஒரே பிழை வரும், ஓடிவிடும்.

பிறகு மோட்டாரை மாட்டாமல், ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து அதன் மேல் அடிப்பகுதியை விடுங்கள். தானாக உருண்டு இறங்கவேண்டும். நின்றால், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்ட பிறகு தேடினால் ராடா, கியரா, மோட்டாரா என்று குழம்பிப்போகும்.

#15 ஷெட்காரர்

நிஜ வண்டியிலயும் அச்சுல இருந்து சக்கரத்தை நாங்க தொட மாட்டோம். அது ஒர்க் ஷாப் வேலை, பிரஸ் வெச்சு பொன்மலையில பண்ணுவாங்க. ஷெட்டுல புஷ் தேஞ்சா புஷ் மாத்துவோம். ராடு ஓட்டையைப் பெருசாக்கினேன்னு எங்க ஃபோர்மேன்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

#16 தொடரிப்பித்தன்

ஓடுகிறது! கண்ணாடியில் தானாக உருண்டு இறங்குகிறது. மேலே முப்பரிமாணனின் பாய்லர், என் கேப். டெண்டரை 0.3 மி.மீ. பித்தளைத் தகட்டில் மடித்தேன், எடை வேண்டுமே என்று.

அடுத்தது மின்சார வேலை. டிகோடரை (எஞ்சினின் ஓட்டம், விளக்கு, சத்தத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு) டெண்டரில் வைத்துவிட்டேன். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே நாலு மெல்லிய ஒயர்: மோட்டாருக்கு ஆரஞ்சும் சாம்பலும், ஹெட்லைட்டுக்கு வெள்ளையும் நீலமும். கரண்ட் எடுப்பது டெண்டர் சக்கரங்களிலிருந்து. பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) மேல் போகும்போது நின்றுவிடாமல் இருக்க ஒரு கெப்பாசிட்டர். சத்தம்தான் சரியாக வரவில்லை. புகைச் சத்தம் சக்கரத்தோடு சேராமல் தன் பாட்டுக்குப் போகிறது.

#17 முப்பரிமாணன்

ரெண்டு சிலிண்டர், ஒவ்வொண்ணும் ரெண்டு பக்கமும் தள்ளும், ஆக ஒரு சுத்துக்கு நாலு "சஃப்". உன் 15.8 மி.மீ. சக்கரத்துக்கு (16.1தான், சரி, விடு) சுற்றளவு சுமார் 50 மி.மீ. அப்போ 12.5 மி.மீ. நகர்ந்தா ஒரு சத்தம் வரணும். ஸ்கேலை தண்டவாளம் பக்கத்துல வெச்சு, ரொம்ப மெதுவா ஓட்டி, 50 மி.மீ.க்கு நாலு வர்ற வரைக்கும் டிகோடர் எண்ணை மாத்து. மெதுவேகத்துல சரியா இருந்தா போதும். நிஜத்துல 45 கி.மீ. வேகத்துலயே நொடிக்குப் பன்னெண்டு சத்தம் கிட்ட வருது, அங்க யாராலும் எண்ண முடியாது.

நீலகிரி மலை ரயிலோட எக்ஸ் வகுப்பு எஞ்சின் செய்றவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஆகாது. அதுல நாலு சிலிண்டர். உயர் அழுத்தம் ஓட்டுசக்கரத்துக்கு, அதுல இருந்து வர்ற நீராவி பல்சக்கரம் சுத்துற தாழ் அழுத்த சிலிண்டருக்கு. பல்பாதையில ஏறும்போது புகைபோக்கியில வர்ற சத்தம் பல்சக்கரத்தோட தாளம், ஓட்டுசக்கரத்தோட தாளம் இல்லே. குன்னூர் போற வண்டிச் சத்தம் காதுக்கு விசித்திரமா இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். அது தனி இழை ஆகும், இங்க வேண்டாம்.

#18 புதுப்பயணி

முன்பக்கம் என்ன பஃபர் (இடிதாங்கி) போடுவீர்கள்? நான் பார்த்த எல்லா மாடலிலும் இரண்டு பஃபர் இருக்கிறது.

#19 பித்தளைப்பட்டறை

இரண்டு பஃபர் நம் அகலப்பாதைக்கு. மீட்டர் கேஜுக்கு நடுவில் ஒன்றுதான். அதுவே பஃபர், அதிலேயே கொக்கி. முன் முகத்தைப் பார்த்தவுடன் மீட்டர் கேஜ் என்று சொல்லவைப்பது அந்த ஒற்றை நடு பஃபர்தான். பெட்டிகளை ஓட்டுவதற்கு வேறு கப்ளிங் மாட்டியிருந்தாலும், எஞ்சின் முன்பக்கத்திலாவது உண்மையான வடிவத்தை வையுங்கள். பக்கத்தில் வாக்குவம் பிரேக் குழாய் தொங்கவேண்டும். மேலே சுருள் சுற்றிய கிடார் கம்பியை வளைத்தால் அப்படியே இருக்கும்.

#20 தொடரிப்பித்தன்

பெயின்ட் அடித்துவிட்டேன். கறுப்பு. படம் இணைத்திருக்கிறேன். ஐயா பார்த்துச் சொல்லவேண்டும்.

#21 ஷெட்காரர்

கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஒர்க் ஷாப்புல இருந்து வந்த அன்னிக்கு அப்படி இருக்கும், மறுநாள் இருக்காது.

ஸ்மோக் பாக்ஸ், அதான் பாய்லர் முன்னால புகை சேர்ற பெட்டி, சூடு தாங்காம சாம்பல் நிறத்துக்குப் போயிரும், அடியில துரு மாதிரி செம்பழுப்பு. சேஃப்டி வால்வுக்குக் கீழே பாய்லர் மேல வெள்ளையா கோடு கோடா இறங்கியிருக்கும், தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு அது. வாஷ் அவுட் பிளக்குக்குக் கீழேயும் அப்படித்தான். ராடு, மோஷன் எல்லாம் துரு கிடையாது, எண்ணெய்ப் பளபளப்பு; துரு வெச்சேன்னா ஷெட்டு மானம் போயிரும். சக்கரத்துக்கு முன்னால மணல் குழாய் இறங்கற இடத்துல வெளிறிப் போயிருக்கும். கேப் கைப்பிடி மட்டும் பளபளன்னு இருக்கும், நாள் பூரா கை பட்டுட்டே இருக்கில்ல.

டிரைவர் அவர் வண்டியைத் துடைப்பார். ஃபயர்மேனைத் துடைக்கச் சொல்வார்னு வெச்சுக்கோ. கேப் பக்கமும் நம்பரும் சுத்தமா இருக்கும், எட்டாத இடம் அழுக்கா இருக்கும். பொம்மை பண்றவங்க எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அழுக்கு ஊத்தறீங்க. அழுக்குக்குக் காரணம் வேணும்.

#22 பித்தளைப்பட்டறை

இந்தப் பதிவைப் பிரின்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

#23 தொடரிப்பித்தன்

ஐயா சொன்னபடி செய்திருக்கிறேன். முதலில் மொத்தத்துக்கும் கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்த, பளபளப்பில்லாத பூச்சு; சுத்தக் கறுப்பு இவ்வளவு சின்ன அளவில் வடிவத்தையே விழுங்கிவிடுகிறது. ஸ்மோக் பாக்ஸுக்கு வெளிர் சாம்பல் பொடி. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெள்ளையை ரொம்ப நீர்க்கக் கரைத்து, மேலிருந்து கீழாக ஒற்றை இழுப்பு. ராடுக்குப் பெயின்ட்டே இல்லை, பளபள வார்னிஷில் ஒரு சொட்டு பழுப்பு.

ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தேன். ஸ்மோக் பாக்ஸ் கதவில் மங்கிப்போன ஒரு குங்குமப் பொட்டு. என் லேஅவுட்டில் ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம்.

டெண்டரில் நிஜக் கரியைப் பொடித்து, சலித்து, பசை ஊற்றிக் கூம்பாக நிரப்பிவிட்டேன். படம் கீழே.

#24 ஷெட்காரர்

பொட்டு நல்லா இருக்கு. வாழைக்கன்னு கட்டின கயிறு ரெண்டு நாள் கூட விட்டிருப்பாங்க, அதையும் யோசி.

கரி தப்பு. இந்த வண்டி எந்தப் பக்கம் போகுது?

#25 தொடரிப்பித்தன்

இரண்டு பக்கமும்தான் ஐயா. காலையில் தெற்கே போகும், சாயங்காலம் அதே எஞ்சின் வடக்கே வரும்.

#26 ஷெட்காரர்

காலையில சரி. விழுப்புரத்துல கரி ஏத்திட்டு வந்து உன் ஸ்டேஷன்ல நிக்குது, டெண்டர் கூம்பா இருக்கட்டும். சாயங்காலம் அதே கூம்போட வந்தா, திருச்சி வரைக்கும் போயிட்டு வந்தவன் எதைப் போட்டு எரிச்சான்? திரும்பி வரும்போது முன்பக்கம், சவுல் போட்டுக் கரி அள்ளற இடத்துல பள்ளமா இருக்கணும். பின்னால மட்டும் மேடு, அங்கங்க இரும்புத் தகடு தெரியும்.

#27 தொடரிப்பித்தன்

பசையில் ஒட்டிவிட்டேனே ஐயா. பெயர்த்து எடுக்கிறேன். கழற்றி மாட்டும்படி இரண்டு குவியல் செய்கிறேன், காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று.

#28 முப்பரிமாணன்

டெண்டர் உள்ளளவு அனுப்பு. பள்ளக் குவியலுக்கு அடியில வைக்கிற தட்டு பிரிண்ட் போட்டுத் தர்றேன். காந்தம் வைக்க ஓட்டை வேணுமா?